கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்று சொன்னார்களா? தட்டையும் வயிற்றையும் சரிசெய்ய நெல்லை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தச் சோதனையில் கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே வீட்டில் தடைப் பட்டியல் தயாராகிவிடும். கீரை கூடாது, பழம் கூடாது, பருப்பு கூடாது, தேங்காய் கூடாது, கிழங்கு கூடவே கூடாது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒன்று சொல்வார், ஊரிலிருந்து போன் பண்ணும் சித்தி இன்னொன்று சொல்வார். ஒரே வாரத்தில் தட்டில் வெள்ளைச் சோறும் ரசமும் அப்பளமும் ஊறுகாயும்தான் மிஞ்சியிருக்கும். அடுத்த வாரம் மலச்சிக்கல் வந்து சேரும்.

அந்தத் தட்டு சிறுநீரகத்துக்கு நல்லதில்லை. எது முதலில் குறைய வேண்டுமோ அந்த உப்பு அப்படியே இருக்கிறது. எது வயிற்றைக் காக்குமோ அந்த நார்ச்சத்து மொத்தமாகப் போய்விட்டது. பயத்தில் செய்யும் பத்தியத்தில் இப்படித் தலைகீழாகிவிடுவதை நம் பக்கத்தில் பல வீடுகளில் பார்க்கிறேன். அதனால்தான் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

யாருக்கு இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் தளர ஆரம்பித்திருக்கிறது என்று புதிதாகத் தெரியவந்த பெரியவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்கும் இது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பாட்டை நம்பி நிறுத்தவே கூடாது. போன சிறுநீரகத்தைச் சாப்பாடு திருப்பித் தராது. இருப்பதை நெடுநாள் ஓடவைக்க உதவும். அதுவே பெரிய விஷயம்.

முதலில் ரிப்போர்ட்டை எடுத்து வையுங்கள்

கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. அது தசையிலிருந்து வரும் கழிவு. வயது, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து ஒரே எண்ணுக்கு வேறு வேறு அர்த்தம். கிரியாட்டினின் 1.2 இருக்கும் 30 வயது ஆணுக்குச் சிறுநீரக வடிதிறன் 80-க்கு மேல் இருக்கும். அதே 1.2 இருக்கும் 70 வயது ஆச்சிக்கு 50-க்குக் கீழே வந்துவிடும். அந்த வடிதிறன் எண்ணுக்கு 'ஈ-ஜிஎஃப்ஆர்' என்று பெயர். ரிப்போர்ட்டில் இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். 60-க்கு மேல் இருந்தாலும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் தொடர்ந்து கசிந்தால் அதுவும் நோய்தான். ஆகவே சிறுநீர்ப் பரிசோதனையையும் விட்டுவிடக் கூடாது. ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 30-க்குள் இருந்தால் சரி.

இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று ரத்தப் பொட்டாசியம், 3.5-லிருந்து 5 வரை இருக்கலாம். மற்றது பைகார்பனேட், 22-க்குக் கீழே இறங்கினால் உடம்பில் அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். இந்த இரண்டும் தெரியாமல் கீரையையும் பழத்தையும் நிறுத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கோயில் கொடைக்குப் போய்க் கிடாக்கறி நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலையில் ரத்தம் கொடுக்காதீர்கள். வேகவைத்த கறியிலேயே கிரியாட்டினின் இருக்கிறது. எண் கூடித் தெரியும். இரண்டு நாள் கழித்துக் கொடுங்கள்.

வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

பெருங்குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாம் சாப்பிட்டதில் சிறுகுடல் உறிஞ்சியது போக மிஞ்சுவது அவற்றுக்குச் சாப்பாடு. நார்ச்சத்து வந்தால் அதைப் புளிக்கவைத்து, குடல் சுவருக்கு ஊட்டமான சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும். நார் வராமல், செரிக்காத புரதம் மட்டும் வந்தால் அதைச் சிதைக்கும். அப்போது உண்டாகும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து, கல்லீரல் வழியே இண்டாக்சில் சல்பேட், பி-கிரசைல் சல்பேட் என்ற கழிவுகளாக மாறும். இவற்றை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. தளர்ந்த சிறுநீரகத்தால் முடியாது. தேங்கியவை ரத்தக்குழாய்களையும் சிறுநீரகத்தையுமே மேலும் கெடுக்கும். இவை ரத்தத்திலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் டயாலிசிஸ் எந்திரத்தாலும் முழுதாக எடுக்க முடிவதில்லை. குடலில் உருவாகும்போதே குறைத்தால்தான் உண்டு.

மறுபக்கமும் இருக்கிறது. சிறுநீரகம் வெளியே தள்ள முடியாத யூரியா ரத்தத்திலிருந்து குடலுக்குள் இறங்கும். அங்கே நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக்கும். அம்மோனியா குடல் சுவரின் இணைப்புகளைத் தளர்த்திவிடும். உள்ளே இருக்க வேண்டியது ரத்தத்துக்குள் கசியும், உடம்பு முழுக்க மெல்லிய அழற்சி ஓடும். சிறுநீரகம் வயிற்றைக் கெடுக்க, வயிறு சிறுநீரகத்தைக் கெடுக்க, இப்படியே சுற்றும்.

மலச்சிக்கல் இந்தச் சுற்றை இன்னும் வேகப்படுத்தும். மலம் குடலில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு நேரம் புரதச் சிதைவு நடக்கும். இன்னொன்றும் உண்டு. நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு மலத்தின் வழியாகத்தான் போகிறது. சிறுநீரகம் தளரத் தளரப் பெருங்குடல் அந்தப் பங்கைக் கூட்டி எடுத்துக்கொள்ளும். அந்த வாசலும் அடைபட்டால் பொட்டாசியம் ஏறும். வாழைப்பழத்தை நிறுத்தியவருக்கும் பொட்டாசியம் ஏறுகிறது என்றால், மலம் சரியாகப் போகிறதா என்று கேட்பதுதான் முதல் கேள்வி.

உப்பில் ஆரம்பியுங்கள்

என் கணக்கில் முதல் மாதம் முழுவதையும் உப்புக்கே கொடுத்துவிடலாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு; உலக சுகாதார நிறுவனமும், சிறுநீரக நோய்க்குச் சர்வதேச வழிகாட்டு நெறிகள் வகுக்கும் கேடிகோ அமைப்பும் சொல்லும் அளவு இது. மட்டமாக வழித்த ஒரு டீஸ்பூன் தூளுப்பு ஏறக்குறைய அவ்வளவுதான்.

யாரும் தினமும் அளந்து போட மாட்டார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். இதை ஒரு மதினியிடம் சொன்னபோது அவர் சட்டென்று சொன்னார்: "எங்க வீட்டுல மாசத்துக்கு ரெண்டு பாக்கெட்டு ஆயிருதுல்லா!" மீன் கழுவ எடுத்தது, ஊறுகாய்க்குப் போனது எல்லாம் கழித்துப் பார்த்தாலும் இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. இத்தனைக்கும் கடையில் வாங்கிய மிக்சரும், இரவுப் பரோட்டாவுக்கு ஊற்றிய சால்னாவும் அந்தப் பாக்கெட் கணக்கில் வரவே இல்லை.

குழம்பில் உப்பைக் குறைப்பதற்கு முன்னால் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கூழ்வத்தல் ஆகியவற்றை நிறுத்துங்கள். பழைய சோறு சாப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழையதில் குற்றமில்லை; புளித்த சோறும் மோரும் வயிற்றுக்கு நல்லவை. அதோடு தொட்டுக்கொள்ளும் நார்த்தங்காயும் நெத்திலிக் கருவாடும்தான் ஒரு வேளையிலேயே நாள் முழுவதற்கான உப்பைக் கொண்டுவந்து விடுகின்றன. சின்ன உள்ளியும், முந்தின நாள் மிஞ்சிய உப்புக் குறைந்த அவியலும் வைத்துச் சாப்பிடுங்கள். மோரில் உப்புப் போடாதீர்கள். இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டால் போதும்.

குழம்பில் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பாக வையுங்கள். நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் என்பது எந்த வீட்டிலும் அதிக நாள் ஓடியதில்லை.

இந்துப்பு நல்லது என்று வாங்குகிறார்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான், கணக்கு ஒன்றேதான். 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் உப்பு அதைவிட ஆபத்து. சோடியத்தை எடுத்துவிட்டுப் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது நார்

ஒரு நாளைக்கு 25-லிருந்து 30 கிராம் நார்ச்சத்து நல்லது. தீட்டிய அரிசியை மூன்று வேளையும் சாப்பிட்டால் அதில் பாதிகூடத் தேறாது. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும். வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும்.

மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் காயைக் கூட்டுவது முதல் மாற்றம். சீனியவரைக்காய், அவரைக்காய், கோவைக்காய், முட்டைக்கோஸ், புடலங்காய், தடியங்காய், வாழைப்பூ எல்லாம் நம் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை. துவட்டலாகவோ கூட்டாகவோ ஒரு கிண்ணம் நிறைய இருக்கட்டும். இரண்டாவது, வாரத்தில் மூன்று நாலு வேளை கம்பு, குதிரைவாலி போன்ற சிறுதானியம். மூன்றாவது, தோலோடு உள்ள சிறுபயறோ உளுந்தோ. உளுந்தஞ்சோறு நம் ஊர்ச் சாப்பாடுகளில் அருமையான ஒன்று. கறுப்புத் தோலோடு போட்டு, எள்ளுத் துவையலில் உப்பை மட்டும் குறைத்துக்கொண்டால் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. முழுப் பயறில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி உடம்பில் சேராது. பதப்படுத்திய இறைச்சியிலும், கறுப்பு நிறச் சோடா பானங்களிலும் கலக்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுதும் சேர்ந்துவிடும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

தினமும் சிரமப்படாமல், இளக்கமாக, ஒருமுறையோ இருமுறையோ போகிறதா என்று பாருங்கள். அதுதான் அளவுகோல். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. கட்டுக் கணக்கு முடிய வேண்டும் என்று தண்ணீர் குடிப்பதையும் கழிப்பறைக்குப் போவதையும் தள்ளிப்போடுவார்கள். மலம் இறுகுவதற்கு இதுவே போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து முற்றம்வரை நடந்து வாருங்கள். காலையில் ஏதாவது சூடாகக் குடித்தபின் பத்து நிமிடம் கழிப்பறைக்கென்றே ஒதுக்குங்கள். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளும் மலத்தை இறுக்கும். ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் வந்தது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பேதி மருந்தைச் சொந்தமாக எடுக்காதீர்கள். உலக மூலிகைச் சந்தையில் திருநெல்வேலி சென்னா என்றே பெயர் வாங்கிய நிலாவாரை நம் மண்ணில் விளைவதுதான். அதற்காகத் தினமும் எடுத்தால் தண்ணீரும் தாது உப்புகளும் வெளியேறிச் சிறுநீரகம் வாடும். மக்னீசியம் கலந்த வெள்ளை நிறப் பேதி மருந்துகளும், பாஸ்பேட் எனிமாவும் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாது. லாக்டுலோஸ் போன்றவை பொதுவாகப் பாதுகாப்பானவை. எது, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

நல்ல நுண்ணுயிர் மாத்திரை கிரியாட்டினினைக் குறைக்கும் என்று விலை கூட்டி விற்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. அந்தக் காசுக்குக் காய் வாங்குங்கள். தயிரும் மோரும் வீட்டிலேயே இருக்கின்றன.

புரதம்: நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்

பருப்பையும் முட்டையையும் மீனையும் ஒரேயடியாக விட்டுவிட்டு உடம்பு இளைத்துப்போகிறவர்கள் ஒரு பக்கம். ஜிம்முக்குப் போய்ப் புரதப் பவுடர் குடிக்கும் பையன்கள் இன்னொரு பக்கம். டயாலிசிஸ் இல்லாத, வடிதிறன் 60-க்குக் கீழே உள்ளவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்று 2024-ல் வந்த கேடிகோ வழிகாட்டு நெறி சொல்கிறது. 1.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு 48 கிராம்.

சாப்பாட்டில் வைத்துப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும், சுமார் 9 கிராம். மதியம் இரண்டு கப் சோறு 8, நடுத்தரமான இரண்டு துண்டு மீன் 15, காயும் மோரும் சேர்ந்து 4. சாயங்காலம் பால் விட்ட டீ 3. ராத்திரி இரண்டு தோசையும் சட்னியும் 7. மொத்தம் 46. அவ்வளவுதான், நாள் முடிந்தது. மீன் இல்லாத நாளில் அந்த இடத்தில் ஒரு கிண்ணம் பருப்பும் ஒரு முட்டையும் வரலாம். ராத்திரி தோசைக்குப் பதிலாகச் செங்கோட்டை ரோட்டுக் கடையில் பரோட்டாவும் கால் கோழியும் என்றால் கணக்கு எங்கேயோ போய்விடும். மாதத்தில் ஒரு நாள் போவதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். வாராவாரம் போகிறவர் யோசிக்க வேண்டும்.

பாதிக்கு மேல் புரதம் பயறு, பருப்பிலிருந்து வந்தால் இன்னும் நல்லது. அதோடு நாரும் சேர்ந்தே வருகிறது. கறி சாப்பிட்டால் ஏறும் அளவுக்கு உடம்பில் அமிலமும் ஏறாது.

பொட்டாசியம்: எண் கூடினால் மட்டும்

ரத்தப் பொட்டாசியம் 5-க்குள் இருந்தால் கீரையும் பழமும் உங்களுக்கு வேண்டியவைதான். பைகார்பனேட் குறைந்திருந்தால் அதைத் தூக்கி நிறுத்தவும் அவை உதவும். 5-க்கு மேல் ஏறினால்தான் இந்தப் பகுதி. அப்போதும் டாக்டர் தரும் மாத்திரைகளில் பொட்டாசியத்தை ஏற்றுபவை உண்டா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, மலம் சரியாகப் போகிறதா என்று பார்த்த பிறகே சாப்பாட்டுக்கு வர வேண்டும்.

முதலில் நிறுத்த வேண்டியது இளநீர், சாறு போன்ற பானங்கள். ஒரு டம்ளர் இளநீரில் 500 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் உண்டு, குடித்த வேகத்தில் ரத்தத்தில் ஏறும். பழச்சாறு, கீரைச் சாறு, சூப், கல் கரைய என்று குடிக்கும் வாழைத்தண்டுச் சாறு எல்லாம் இதே கணக்குத்தான். அப்புறம் ஏத்தம்பழம், சேனை, சேம்பு, உருளை, முருங்கைக்கீரை, தக்காளி. ஆப்பிள், அன்னாசி, பேரிக்காய் அளவோடு சாப்பிடலாம். சுரை, பீர்க்கு, தடியங்காய், முட்டைக்கோஸ் பயமில்லாத காய்கள்.

தை மாதம் சிறுகிழங்கு வந்துவிட்டால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? தோலை நன்றாகச் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கி, கிழங்கைப்போல் பல மடங்கு தண்ணீரில் போட்டு மெத்தென்று ஆகும்வரை கொதிக்கவிடுங்கள். அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கீழே ஊற்றுங்கள். பிறகு புதுத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, மறுபடி வடித்துத் தாளியுங்கள். பொட்டாசியத்தில் நல்ல பங்கு தண்ணீரோடு போய்விடும். வெறுமனே ஊறவைப்பதும் ஆவியில் வேகவைப்பதும் இந்த அளவுக்கு உதவாது. வடித்த தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ரசத்தில் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இதில் மட்டும் அது கூடாது. சொதிக்கும் இதே முறைதான். காய்களைத் தனியாக வேகவைத்து வடித்து, இறக்கும் நேரத்தில் கொஞ்சம் தேங்காய்ப்பால் மட்டும் விடுங்கள். தட்டில் காயைக் கூட்டி, பாலைக் குறைத்து ஊற்றிக்கொள்ளுங்கள். ருசி கொஞ்சம் குறையத்தான் செய்யும். இஞ்சித் துவையல் அதை ஈடுகட்டும்.

தண்ணீரும் மருந்தும்

வெயிலில் வயல் வேலை, கட்டட வேலை செய்கிறவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது குடிக்க வேண்டும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத விவசாயத் தொழிலாளர்களிடமும் தமிழ்நாட்டில் சிறுநீரக நோய் காணப்படுகிறது. தொடர்ந்து வெப்பத்தில் உழைப்பதும் ஒரு காரணமாகச் சந்தேகிக்கப்படுகிறது. அதற்காக வீட்டில் இருப்பவர் வீம்புக்கு ஐந்து லிட்டர் குடிப்பதால் சிறுநீரகம் சுத்தமாகிவிடாது. கால் வீக்கம், மூச்சு வாங்குதல் இருந்தால் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது.

கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள், இத்தனை பத்தியத்தையும் ஒரு வாரத்தில் அழித்துவிடும். நட்சத்திரப் பழமும் பிலிம்பிக்காய்ச் சாறும் வேண்டவே வேண்டாம். நலிந்த சிறுநீரகத்துக்கு அவை நேரடியாகக் கேடு செய்கின்றன. பற்பம், செந்தூரம் போன்றவற்றில் உலோகம் சேர்ந்திருக்கும். சித்த மருத்துவம் பார்க்கிறவர்கள் அந்த மருத்துவரிடம் உங்கள் சிறுநீரக ரிப்போர்ட்டையும், சிறுநீரக டாக்டரிடம் அந்த மருந்துகளின் பெயரையும் மறைக்காமல் காட்டுங்கள்.

திடீரென்று கைகால் தளர்ந்தாலோ, நெஞ்சு தாறுமாறாகப் படபடத்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ சாப்பாட்டை யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மற்றபடி, இன்றைய தேதியில் ஒரு நோட்டுப் போடுங்கள். வடிதிறன், ஆல்புமின், பொட்டாசியம், பைகார்பனேட், ரத்த அழுத்தம், எடை ஆகியவற்றை ஒரு பக்கத்திலும், உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வந்தது, மலம் எப்படிப் போகிறது என்பதை எதிர்ப் பக்கத்திலும் எழுதுங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மூன்று மாதம் கழித்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையோ நீங்கள் வழக்கமாகப் போகும் இடமோ, அதே சோதனைகளைத் திரும்ப எடுத்து அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். சாப்பாட்டு ஆலோசகர் இருந்தால் அவரிடமும் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். வீட்டில் சமைக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.